வாழ்க்கைத் தர ஒப்பீடு: இலங்கையும் இந்தியாவும்

அண்டை நாடுகளான இலங்கையையும் இந்தியாவையும் ஆயுள், கல்வி, வருமானம் ஆகியவற்றால் அளக்கும் ஒப்பீடு இது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் மனித வளர்ச்சிக் குறியீட்டில் (2022) இலங்கை 0.780 பெற்று 78ஆம் இடத்திலும், இந்தியா 0.644 பெற்று 134ஆம் இடத்திலும் இருந்தன. பொருளாதாரத்தின் அளவில் இந்தியா பன்மடங்கு பெரியது. ஆனால் சராசரி ஆயுளில் இலங்கையரே பல ஆண்டுகள் முந்தியுள்ளனர்.

இந்த வேறுபாட்டின் வேர் பழைய கொள்கை முடிவுகளில் உள்ளது. கல்வி அமைச்சர் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அரசு மருத்துவமனைகளில் கட்டணமில்லாச் சிகிச்சையும், கிராமங்களில் வீடு தேடிச் செல்லும் குடும்பநல மருத்துவ மாதர் சேவையும் பிரசவ மரணங்களை வெகுவாகக் குறைத்தன. 2016இல் மலேரியா ஒழிந்த நாடாக உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்றளித்தது.

ஆயினும் சராசரிகள் பலரை மறைத்துவிடுகின்றன. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவந்த மலையகத் தமிழரில் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டனர். அவர்களது நெருக்கடியான வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளையும் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவையும் பாராமல் செய்யும் எந்த ஒப்பீடும் நேர்மையானதாகாது. இந்தியாவுக்குள்ளும் வாழ்க்கைத் தரத்தில் கேரளமும் தமிழ்நாடும் பீகாரைவிட இலங்கைக்கே நெருக்கமானவை. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இலங்கையில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு ஏற்பட்டது, வறுமை பெருகியது. குறியீட்டு எண்ணில் அந்தத் துயரம் மிகச் சிறிதளவே பதிவானது.