பிளேக், மாரியம்மன், மல்லேஸ்வரம்: ஒரு நகரம் மீண்டெழுந்த கதை

பொம்மசந்திராவில் மஞ்சள் வழித்தட மெட்ரோவில் ஏறி, ஆர்.வி. சாலையில் பச்சை வழித்தடத்திற்கு மாறினால் பசவனகுடியையும் மல்லேஸ்வரத்தையும் ஒரே பயணத்தில் தொட்டுவிடலாம். இவ்விரு பகுதிகளையும் 1898ஆம் ஆண்டுப் பிளேக்தான் உருவாக்கியது என்பது இந்நகரில் பரவலான பேச்சு. அது பாதி உண்மை மட்டுமே.

1896இல் பம்பாயில் தலைகாட்டிய பிளேக், 1898 ஆகஸ்டில் ஹூப்ளியிலிருந்து இரயில் வழியே பெங்களூரை அடைந்தது. மைசூர் அரசின் கீழிருந்த நகரப் பகுதி, ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த தண்டுப் பகுதி இரண்டுமே பாதிக்கப்பட்டன. 1891இல் இரண்டுக்கும் சேர்த்துச் சுமார் 1,80,000ஆக இருந்த மக்கள்தொகை, 1901இல் சுமார் 1,59,000ஆகக் குறைந்தது. இறந்தோர் மட்டுமல்லர், அஞ்சி வெளியேறியோரும் இக்குறைவில் அடங்குவர்.

மல்லேஸ்வரம், பசவனகுடி விரிவாக்கங்கள் 1890களின் தொடக்கத்திலேயே திட்டமிடப்பட்டவை. நெருக்கடி மிகுந்த பேட்டையை விட்டு அங்குக் குடிபெயரும் வேகத்தைத்தான் பிளேக் கூட்டியது. அகன்ற தெருக்களும் காற்றோட்டமான மனைகளும் நோய்க்கு எதிரான அரண்களாகக் கருதப்பட்டன. ஆனால் மனைகள் சாதிவாரியாகப் பகுதி பிரித்து ஒதுக்கப்பட்டன. சுகாதாரம் புதியது, சமூக ஏற்பாடு பழையது. தண்டுப் பகுதியிலும் பிளேக் அண்டாத குடியிருப்பு என்ற நோக்குடன் பிரேசர் டவுன் எழுந்து, 1910இல் திறக்கப்பட்டது.

மனை வாங்க வசதியற்றோர் எவ்வாறு மீண்டனர்? இவ்வினாவிற்கு நகர வரைபடங்களில் விடை குறைவு. ஒரு சொற்சேர்க்கையில் அதன் தடம் இருக்கிறது: 'பிளேக் மாரியம்மன்'. பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் இப்பெயருடைய கோயில்கள் இன்றும் உள்ளன. தமிழில் 'கொள்ளைநோய்', 'மகாமாரி' ஆகிய சொற்கள் இருந்தும், மக்கள் ஆங்கிலச் சொல்லையே அம்மனுக்கு அடைமொழியாக்கினர். 1897ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின் பின்னணியில் வீடு வீடாகச் சோதனையிட்டு, நோயுற்றோரைப் பிரித்து, உடைமைகளை எரித்த அதிகாரிகளின் வாயில் ஒலித்த சொல் அது. நோயின் அச்சமும் அதிகாரத்தின் அச்சமும் அதில் ஒருங்கே உறைந்துள்ளன என்பது என் வாசிப்பு. அம்மை நோயின் தெய்வமான மாரியின் பெயரோடு சேர்ந்தபோது, அந்நியமான அச்சொல் வழிபடத்தக்கதாயிற்று. அச்சத்தோடு வாழவும் ஒரு வழி பிறந்தது.

ஒரு பேரிடருக்குப் பின் நகரம் மீண்டது என்று எழுதும்போது யாருடைய மீட்சியைக் குறிக்கிறோம் என்பதை ஆய்வாளர் தெளிவுபடுத்தியாக வேண்டும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் ஊர் திரும்பிய தொழிலாளர்கள் பலர், பொம்மசந்திராவைப் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு மீண்டும் வந்துள்ளனர். அவர்களது மீட்சியும் வரைபடங்களில் பதிவாகாது. அதைத் தேடுவோர் மனைப் பதிவேடுகளோடு தெருக்கோயில்களின் பெயர்ப்பலகைகளையும் படிக்க வேண்டியிருக்கும்.