ஒத்து ஊதியவர்

டென்மார்க் இசையமைப்பாளர் கார்ல் நீல்சன் 1922-ல் ஐந்து காற்று வாத்தியங்களுக்காக ஒரு படைப்பு எழுதினார். புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பஸூன். கோபன்ஹேகனில் தனக்குப் பழக்கமான ஐந்து கலைஞர்களை மனதில் வைத்து எழுதியது. அதில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிச் சுபாவம் உண்டு. அந்த ஐவருக்கும் ஆளுக்கொரு கன்செர்ட்டோ எழுதவும் ஆசைப்பட்டார். புல்லாங்குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் முடித்தார். 1931-ல் இறந்துபோனார்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நம்ம ஊர்ப் பெரிய மேளம்தான் ஞாபகம் வரும். விருதுநகர் பங்குனிப் பொங்கல் மாதிரியான திருவிழாக்களில், வேட்டுச் சத்தத்தையும் தாண்டிக் கேட்க வேண்டிய இசை அது. பழைய செட்டில் மூச்சை நம்பி நின்றவர்கள் மூன்று பேர்: இரண்டு நாகஸ்வரக்காரர்கள், ஒரு ஒத்துக்காரர்.

ஒத்து, பார்க்க நாகஸ்வரம் மாதிரியே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளைகள் கிடையாது. அடிப்பக்கத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்ப்பார்கள். அப்புறம் ஒரே ஸ்வரம்தான், கச்சேரி முடியும்வரை. கன்னத்தில் தேக்கிய காற்றை வெளியே தள்ளிக்கொண்டே மூக்கால் மூச்சை இழுக்கணும். நீல்சனின் ஐவர் மூச்சு வாங்க இசையிலேயே இடைவெளி உண்டு. ஒத்துக்காரருக்கு அந்த இடைவெளி இல்லை. அவர் நிறுத்தினால் ராகத்துக்குத் தரை இல்லை.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) காலத்தில் இது மாறியது. உச்சச் சுருதித் திமிரிக்குப் பதில் நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாகஸ்வரத்தை அவர் கையில் எடுத்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை மேடையேற்றினார். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) நம்ம சிவகாசிக்குத் தெற்கே, கோவில்பட்டியில் வாழ்ந்தவர். 1962-ல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் அவர் நாகஸ்வரம் எஸ். ஜானகியின் குரலோடு போட்டி போட்டதை இன்றும் யூடியூபில் கேட்கலாம்.

மேடையில் நாகஸ்வரத்துக்கு மரியாதை கூடியது நல்ல விஷயம்தான். ஆனால் அதே காலத்தில் ஒத்துக்காரரின் வேலை போனது. தம்புராவுக்குப் பிறகு சுருதிப்பெட்டி வந்தது, அப்புறம் எலக்ட்ரானிக் பெட்டி. இப்போது பல கோயில்களில் தீபாராதனைக்கு ஸ்விட்ச் போட்டால் மேளமே அடிக்கும் மெஷின். ஒத்துக்காரருக்கு நடந்தது, கடைசியில் தவில்காரருக்கும் வந்து சேர்ந்தது.

நீல்சன் தன் ஐவருக்கும் தனித்தனியே எழுத நினைத்தார். நம்ம ஒத்துக்காரர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. மொழியில் மட்டும் மிஞ்சியிருக்கிறார்கள், அதுவும் வசவாக. ஆபீசில் மேனேஜர் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டுபவனை இன்றும் “ஒத்து ஊதுறான்” என்கிறோம். மணிக்கணக்கில் மூச்சு விடாமல் நின்ற மனிதரைப் பற்றித்தான் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.