காசல்ரீ தண்ணீரும் கல்கிசை மின்மானியும்

கல்கிசையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் எங்கள் வீடு. முன்சுவரில் மின்மானி. மாதம் ஒருமுறை ஒருவர் வந்து, கேற்றில் நின்றே இலக்கத்தைப் பதிந்து, துண்டைத் தந்துவிட்டுப் போவார். அதில் ஏறிக்கொண்டிருக்கும் யூனிட்டுகளில் ஒன்றைப் பிடித்து, அது வந்த வழியே போய்ப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

நோர்வூட் பக்கத்துத் தேயிலை மலைகளில் பெய்யும் மழை கெஹெல்கமு ஓயா வழியாகக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் விமலசுரேந்திர நிலையத்தில் ஒன்று, பழைய லக்சபானவில் ஒன்று, பொல்பிட்டியவில் ஒன்று என மூன்று இடத்தில் சுழலியைச் சுற்றிவிட்டுத்தான் களனி கங்கையாகிறது. இதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டியவர் டி.ஜே. விமலசுரேந்திர. 1918இல் பொறியியலாளர் சங்கத்துக்கு அவர் கொடுத்த கட்டுரையின் தலைப்பிலேயே 'பொருளாதாரம்' என்ற சொல் இருந்தது. 1920களில் தொடங்கி இடையில் நின்றுபோன லக்சபான வேலை 1950இல்தான் விளக்கேற்றியது. அதைப் பார்த்துவிட்டு 1953இல் அவர் கண்மூடினார்.

அந்தக் கரைகளில் லயன்களில் வாழ்ந்த மலையகச் சனங்கள், கொழும்புக்கு ஓடும் கம்பிகளைத் தலைக்குமேல் பார்த்தபடி பல பத்தாண்டுகள் குப்பி விளக்கோடு இருந்தார்கள். எந்தச் செயற்றிறன் கணக்கிலும் அவர்களுக்கு ஒரு நிரல் இல்லை. என் யூனிட்டின் கதையை அவர்களை விட்டுவிட்டுச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலையை விட்டு உயரழுத்தக் கம்பியில் இறங்கியதும் என் யூனிட் அடையாளத்தை இழக்கிறது. நுரைச்சோலை நிலக்கரி, களனிதிஸ்ஸ எண்ணெய், தனியார் நிலையங்களின் எண்ணெய் எல்லாம் ஒரே கம்பியில் கலந்துவிடுகின்றன. இனிமேல் பின்தொடரக்கூடியது கணக்கை மட்டும்தான்.

அந்தக் கணக்கில் 'அரசா, தனியாரா' என்ற கேள்வி புதிதல்ல. 1895இல் கோட்டையிலுள்ள பிரிஸ்டல் ஹோட்டலுக்கு மின்சாரம் கொடுத்தது பூஸ்டெட் பிரதர்ஸ் என்ற தனியார் நிறுவனம். பிறகு அது அரசாங்கத் திணைக்களத்தின் வேலையாயிற்று. 1969 நவம்பரில் இலங்கை மின்சார சபை பிறந்தது. 1990களின் இறுதியில் தனியார் எண்ணெய் நிலையங்கள் வந்தன. அவற்றோடு செய்த உடன்படிக்கைகளின்படி, எந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரு தொகை கட்ட வேண்டும். எரிபொருள் விலையும் வாங்குபவர் தலையில். ஆபத்தையெல்லாம் சபை தன் தோளில் ஏற்றிக்கொண்ட பிறகு, அதைத் தனியார் திறமை என்று சொல்ல நான் தயாரில்லை.

பன்னிப்பிட்டியையும் இரத்மலானையையும் தாண்டி, 33,000 வோல்ட், 11,000 வோல்ட் என்று இறங்கி, எங்கள் முடக்கு ட்ரான்ஸ்போமரில் 230 ஆகி யூனிட் வீட்டுக்கு வருகிறது. கல்கிசைக்கு விநியோகிப்பது மின்சார சபை. காலி வீதியில் தெற்கே பஸ்ஸில் கொஞ்சத் தூரம் போய் மொறட்டுவையில் இறங்கினால், பட்டியலில் வேறு பெயர்: லெக்கோ. இரண்டு இடத்திலும் யூனிட் விலை ஒன்றுதான், ஏனென்றால் நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம். ஒரு பொருளியலாளர் ஆய்வுக்கென்று செய்துவைத்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

லெக்கோ, அதாவது லங்கா எலெக்ட்ரிசிட்டி கம்பனி (பிரைவேட்) லிமிடெட், 1983இல் உருவானது. அதற்குமுன் இந்தக் கரையோர ஊர்களில் உள்ளூராட்சி மன்றங்களே சபையிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்றன. கம்பிகள் உக்கிப்போயிருந்தன, களவு நடந்தது, சபைக்குக் கட்ட வேண்டிய பணம் நிலுவையில் நின்றது. கம்பனி பொறுப்பெடுத்தபோது, உள்ளே வந்த மின்சாரத்தில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்குக்குக் கணக்கே கிடையாது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் கம்பிகளை மாற்றினார்கள். வெறுங்கம்பியில் கொக்கி போட்டு இழுப்பது சுலபம் என்பதால் உறையிட்டு முறுக்கிய கம்பியைக் கட்டினார்கள். மின்மானிகளையும் மாற்றினார்கள். இன்று இழப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் கீழே.

'பார்த்தீர்களா, தனியார்!' என்று வெள்ளவத்தைச் சந்தையில் ஒரு நண்பர் என்னிடம் சொன்னார். பெயரில் அப்படித்தான் இருக்கிறது, ஆனால் பங்குகள் மின்சார சபையிடமும் திறைசேரியிடமும் நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் சில உள்ளூராட்சி மன்றங்களிடமும். அது கம்பனிச் சட்டத்தின்கீழ் நடக்கும் அரசுச் சொத்து. சபையின் இழப்பும் 2000ஆம் ஆண்டளவில் ஐந்திலொரு பங்காக இருந்து பின்னர் நூற்றுக்குப் பத்துக்குக் கீழே வந்தது. உடைமை மாறாமலே வந்தது. லெக்கோவுக்கு நெருக்கமான கரையோர ஊர்களில் சுமார் ஆறு இலட்சம் பாவனையாளர். சபை அறுபது இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் காட்டுக்குள்ளும் கம்பி இழுக்க வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் புள்ளி போடுவது அநியாயம்.

வெளிநாட்டு ஆய்வுகளும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கின்றன. அமெரிக்க மின் நிறுவனங்களை ஆராய்ந்த அட்கின்சனும் ஹால்வர்சனும் 1986இல் அரசும் தனியாரும் செலவுத்திறனில் சமம் என்றார்கள். பிரித்தானிய மின்னுற்பத்தி தனியார்மயமானதை 1997இல் ஆராய்ந்த நியூபெரியும் பொலிற்றும் செலவு உண்மையில் குறைந்தது என்று கண்டார்கள். ஆனால் அந்த இலாபம் பங்குதாரரிடம் போயிற்று, பாவனையாளருக்கு வரவில்லை. எனக்கு இரண்டாவது கண்டுபிடிப்புத்தான் முக்கியம். மிச்சப்பட்ட காசு யார் கைக்குப் போகிறது என்று கேட்காமல் திறமையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. எண்ணெய்க்கு டொலர் இல்லை. கல்கிசையும் மொறட்டுவையும் ஒன்றாகவே இருண்டன. அந்த ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் ஏறியது, அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதம். இரண்டு ஊர்ச் சனமும் ஒன்றாகவே கட்டினோம்.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கச் சொல்கிறது. என் பட்டியலின் தலைப்பில் எந்தப் பெயர் வந்தாலும் அதில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பேன்: எங்கள் முடக்கு ட்ரான்ஸ்போமருக்குள் இந்த மாதம் போன யூனிட் எத்தனை, அதன்கீழுள்ள வீடுகளின் பட்டியல்களில் ஏறிய யூனிட் எத்தனை.