உபகாரமா, உரிமையா?

ஓய்வூதியத்தை நம் முன்னோர் உபகாரச் சம்பளம் என வழங்கினர். சொல் பழையதாயினும் அதனுள் உறையும் கருத்து இன்னும் மறைந்துவிடவில்லை. உபகாரம் செய்பவன் விரும்பினால் அதனைக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம், பெறுபவன் வாய் திறத்தல் ஆகாது. ஆயின், உழைக்குங் காலத்தில் ஊதியத்தின் ஒரு பகுதியைச் சமூகக் காப்புறுதிக்கெனச் செலுத்தியவன் முதுமையிற் பெறுவது உபகாரமாகுமா? பால்டிக் கடலோரச் சிறு நாடாகிய லற்வியாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் இவ்வினாவுக்கு விடையளித்தது.

கட்டுக்கடங்காத கடனும் நில, வீட்டு வாணிபமும் சில ஆண்டுகள் அந்நாட்டிற் செல்வத் தோற்றத்தை உண்டாக்கின. 2008இல் அத்தோற்றம் கலைந்தது. நவம்பரில் பரெக்ஸ் என்னும் பெருவங்கியை அரசு பொறுப்பேற்க நேர்ந்தது. டிசம்பரில் சர்வதேச நாணய நிதியம், ஐரோப்பிய ஒன்றியம் முதலியவற்றிடம் 750 கோடி யூரோ வரையிலான கடனுதவிக்கு உடன்பாடு காணப்பட்டது. கடனோடு செலவுக் குறைப்பு நிபந்தனைகளும் வந்தன.

2009 ஜூன் 16இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. ஓய்வூதியம் நூற்றுக்குப் பத்து வீதம் குறைக்கப்பட்டது. ஓய்வுபெற்றும் தொழில் செய்வோருக்கு எழுபது வீதம் குறைக்கப்பட்டது. ஓய்வூதியம் போதாமையினாலேயே முதுமையிலும் பலர் உழைக்கின்றனர் என்பதை எண்ணுவோர்க்கு இதன் கொடுமை விளங்கும். ஜூலை முதலாந் திகதியே நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 2012 முடியும்வரை நிலவும் தற்காலிக ஏற்பாடு எனக் கூறப்பட்டது.

முதியோர் வாளாவிருக்கவில்லை, ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் நீதிமன்றத்தை அடைந்தன. அந்நாட்டின் அரசியலமைப்பு 1922இல் இயற்றப்பட்டது. 1998இல் அதனுடன் அடிப்படை உரிமைகள் பற்றிய அத்தியாயம் சேர்க்கப்பட்டது. முதுமையிற் சமூகப் பாதுகாப்புப் பெறும் உரிமையை அதன் 109ஆம் உறுப்புரை உறுதிசெய்கின்றது. வழக்கு இவ்வுறுப்புரையையே பற்றி நின்றது.

2009 டிசம்பர் 21இல் தீர்ப்பு வெளிவந்தது. நெருக்கடிக் காலத்தில் ஓய்வூதியத்தைத் தொடவே கூடாதென நீதிமன்றம் கூறவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. தொடுமுன் அரசு செய்யவேண்டியவற்றையே அது வற்புறுத்தியது. குறைந்த தீங்குடைய மாற்று வழிகளை ஆராய்ந்ததா? மக்கள் தம்மைச் சரிசெய்துகொள்ளப் போதிய அவகாசம் அளித்ததா? பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் திட்டம் வகுத்ததா? இவ்வினாக்களுக்கு அரசிடம் தக்க விடை இருக்கவில்லை. கடன் கொடுத்தோரின் நிபந்தனை என்ற வாதமும் எடுபடவில்லை. அத்தகைய நிபந்தனை மக்களின் அடிப்படை உரிமையைக் குறைப்பதற்குத் தானே நியாயமாகிவிடாதென நீதிமன்றம் தெளிவுறுத்தியது. பிடித்தம் 2010 பெப்ரவரி முதலாந் திகதியுடன் நிறுத்தப்படல் வேண்டும். பிடித்த தொகை, பிந்தினாலும் 2015 ஜூலை முதலாந் திகதிக்குள் மீளக் கொடுக்கப்படல் வேண்டும் என அது பணித்தது.

தற்காலிகம் என்னுஞ் சொல்லை நாம் ஐயத்துடன் நோக்கவேண்டியவர்களாயிருக்கின்றோம். முப்பது வயதினனுக்கு மூன்றரை ஆண்டுகள் ஒரு தவணை. எண்பது வயதினனுக்கோ அதுவே எஞ்சிய வாழ்நாளாக இருத்தல் கூடும். வங்கிகளின் பிழைக்கு முதியோரின் உணவிலும் மருந்திலும் கைவைப்பது எளிது. ஏனெனில் அவர்கள் வேலைநிறுத்தஞ் செய்ய இயலாதவர்கள். ஆயினும் அவர்களுக்கு வழக்காடும் உரிமை இருந்தது. அதனை அவர்கள் பயன்படுத்தினர். உபகாரம் பெறுவோர் வழக்காடுவதில்லை; உரிமை உடையோரே வழக்காடுவர்.