பள்ளிச் சீரமைப்பு இயக்கம்

ஊர் மக்களே பணமும் பொருளும் திரட்டித் தங்கள் ஊர்ப் பள்ளியின் குறைகளைத் தீர்த்துவைத்த இயக்கம். 1950களின் பிற்பகுதியில் சென்னை மாநிலத்தில் தொடங்கியது. முதலமைச்சர் காமராசரின் ஆதரவோடு பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு இதை முன்னின்று நடத்தினார். அரசு இயக்கம் என்றே இதைப் பலர் எழுதுகிறார்கள். அழைத்தது அரசு, கொடுத்தது ஊர்.

இதன் வேர் பகலுணவில் இருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மாணவர்களுக்குச் சிற்றுண்டி வழங்கச் செய்தார். ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. கல்வி நிதியை இதற்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு தடுத்ததால் 1925இல் அது நின்றுபோனது. 1956இல் பகலுணவு மாநிலம் தழுவிய முயற்சியாக மீண்டபோது கருவூலத்தை மட்டும் நம்பி அது தொடங்கவில்லை. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல் கேட்டு வாங்கினார்கள். உலை வைக்குமுன் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைக்கும் பிடியரிசி வழக்கமும் கைகொடுத்தது. 1957 நவம்பர் முதல் அரசு மானியம் வந்தது. ஒரு சாப்பாட்டின் செலவு பத்துப் பைசா. அதில் அரசு ஆறு, உள்ளூர் நான்கு.

சோறு போட்ட ஊர் பள்ளிக்கூடத்தின் ஒழுகும் கூரையையும் பார்த்தது. 1958இல் செங்கற்பட்டு மாவட்டம் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு கூடியது. பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் எழுதி ஊராரிடம் வைப்பார்கள். கரும்பலகை, பெஞ்சு, சுவர்க்கடிகாரம், தண்ணீர்ப் பானை, நிலப்படம், சீருடைத் துணி என்று அவரவர் வசதிக்கு ஏற்பப் பொறுப்பேற்பார்கள். வசதியுள்ளவர் நிலமோ கட்டடமோ எழுதிக்கொடுப்பார். மாநாடு அந்தக் கொடைகளை ஊரறியக் கணக்குச் சொல்லும் மேடை. பெயர் படிக்கப்படும் என்ற பெருமிதத்துக்கும் இதில் பங்கு உண்டு. அதில் தவறில்லை, பள்ளிக்குப் பெஞ்சு வந்ததே.

குறை வேறிடத்தில் இருந்தது. செழித்த ஊர் நிறையக் கொடுத்தது. வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் நன்கொடையும் பொய்த்தது. உணவு அதிகம் தேவைப்பட்ட பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள். 1961 முதல் கேர் என்ற அமெரிக்க அமைப்பு பால்மாவும் எண்ணெயும் தந்து ஓரளவு ஈடுகட்டியது.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் உள்ளூர்க் கொடையை எதிர்பார்க்கவில்லை. செலவு முழுவதும் அரசுடையது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் அப்படியே. பசியைத் தீர்க்கும் பொறுப்பு நன்கொடையிலிருந்து அரசின் வரவுசெலவுத் திட்டத்துக்கு மாறியதே சரி. கட்டடம், கழிப்பறை, நூலகம் போன்றவற்றுக்கு ஊராரிடமும் முன்னாள் மாணவர்களிடமும் கைநீட்டும் வழக்கம் மட்டும் தொடர்கிறது. 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி' அதற்கான இன்றைய ஏற்பாடு.