பக்கத்தில் ஒரு கணினி



1993 வரை திண்டிவனத்துக்காரர் கலெக்டரிடம் மனுக் கொடுக்கக் கடலூர்தான் போகவேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 30இல் விழுப்புரம் தனி மாவட்டமானது, தூரம் குறைந்தது. 'எட்ஜ் கம்ப்யூட்டிங்' எனும் விளிம்புக் கணிமையை நான் புரிந்துகொண்டது இதை வைத்துத்தான்.

கிளவுடில் நம் தகவல் தொலைவிலுள்ள தரவு மையம்வரை போய்த் திரும்ப வேண்டும். பக்கத்திலேயே 'கிளவுட்லெட்' எனும் சிறு மையம் வேண்டும் என்று 2009இல் மூன்று ஆய்வாளர்களோடு சேர்ந்து எழுதினார், சென்னை ஐஐடியில் படித்த கார்னகி மெலன் பேராசிரியர் மகாதேவ் சத்தியநாராயணன்.

அதில் வரும் உதாரணம் ஒரு மறதி நோயாளி. எதிரே நிற்பவர் யாரென்று அவர் அணிந்த கண்ணாடி காதில் சொல்லும். தாமதமானால் பயனில்லை. பேரன் பெயர் சட்டென்று நினைவுக்கு வராத என் வயதுக்காரர்களுக்கு அந்த ஒரு நொடியின் அருமை தெரியும்.