ஊமத்தைப் புகையிலிருந்து இன்ஹேலர் வரை

மடத்துக்குளம் பக்கம் வேலியோரங்களில் முள்காயுடன் நிற்கும் ஊமத்தைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். அந்த நச்சுச் செடிக்கும், இன்று ஆஸ்துமா உள்ள குழந்தைகள் உறிஞ்சும் மருந்துக்கும் ஓர் உறவு உண்டு. அந்த வரலாற்றைக் காண்போம்.

ஓடினால் இழுப்பு வருவது புதிய நோயன்று. ஓட்டத்தாலும் உடற்பயிற்சியாலும் மூச்சு முட்டுவதைப் பழங்காலக் கிரேக்க மருத்துவர் அரிடேயஸ் ஆஸ்துமா என்றே குறித்து வைத்தார். இதற்குக் காரணம் என்ன? ஓய்வாக இருக்கும்போது, மூக்கு காற்றைச் சூடாக்கி ஈரமாக்கி உள்ளே அனுப்புகிறது. ஓடும்போதோ வாய் வழியே உலர்ந்த காற்று மிகுதியாகப் பாய்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவர் ஈரத்தை இழக்கிறது. ஏற்கெனவே அழற்சியுற்ற குழாய் உடனே சுருங்குகிறது. குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால், சீரான ஓட்டத்துக்கு ஏற்படும் தடை 16 மடங்காகிறது! மார்கழிக் குளிரில் மைதானத்தைச் சுற்றிவந்த சிறுவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவது சோம்பலால் அன்று.

ஊமத்தையைப் புகைத்து இழுப்பைத் தணிக்கும் வழக்கம் நம் நாட்டில் முன்பே இருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் இதைக் கவனித்தார். அவர் வழியாக அறிந்த ஜெனரல் ஜென்ட் என்பவர் 1802-இல் இதைப் பிரிட்டனுக்குக் கொண்டு சென்றார். ஊமத்தையிலுள்ள அட்ரோபின் போன்ற பொருள்கள் குழாயைச் சுருக்கும் நரம்புத் தூண்டலைத் தடுக்கின்றன. ஆனால் அளவு மீறினால் அது உயிருக்கே ஆபத்து. யாரும் முயன்று பார்க்கலாகாது.

மருந்தை அளந்து கொடுக்கும் வழி 1956-இல்தான் கிடைத்தது. அமெரிக்காவின் ரைக்கர் நிறுவனத் தலைவர் ஜார்ஜ் மெய்சனின் 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. தலைமுடிக்கு அடிக்கும் தெளிப்பானைப் போல மருந்தையும் ஏன் அடைக்கக் கூடாது என்று அவள் கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே அளவு இன்ஹேலர். எனினும், அது அப்போதைக்குக் குழாயை விரித்தது. உள்ளிருக்கும் அழற்சியைத் தணிக்கவில்லை.

அழற்சியைத் தணிக்க 1950-களில் ஸ்டீராய்டு மாத்திரைகள் வந்தன. இழுப்பு அடங்கியது, ஆனால் நெடுநாள் உண்ட குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது, முகம் உப்பியது. மருந்தை உடல் முழுவதும் பரப்பாமல் மூச்சுக்குழாய்க்கு மட்டும் அனுப்ப முடியாதா? 1972-இல் இங்கிலாந்தின் டெர்பி நகர மருத்துவர் ஹாரி மோரோ பிரவுனும் அவருடைய குழுவினரும் பெக்லோமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டைத் தெளிப்பாகக் கொடுத்து வெற்றி கண்டனர். மாத்திரையை நம்பியிருந்த பலர் அதைக் கைவிட முடிந்தது.

அளவைக் கவனியுங்கள். மாத்திரையில் மருந்து மில்லிகிராம் கணக்கு. உறிஞ்சும் மருந்தில் மைக்ரோகிராம் கணக்கு, அதாவது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. துளிகள் சுமார் 5 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால்தான் நுரையீரலின் உட்குழாய்களை எட்டும். பெரிய துளிகள் தொண்டையிலேயே படியும். ஆகவேதான் சிறுவர்களுக்கு ஸ்பேசர் என்னும் குப்பியை இணைத்துக் கொடுக்கிறார்கள். உறிஞ்சிய பின் வாய் கொப்பளிக்கச் சொல்கிறார்கள்.

“ஸ்டீராய்டா? பழகிவிடுமே!” என்று பெற்றோர் அஞ்சுவதுண்டு. இது போதைப்பொருள் அன்று. பின்விளைவு அறவே இல்லை என்றும் சொல்வதற்கில்லை. 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிறு வயதில் ஆண்டுக்கணக்கில் புடசோனைடு உறிஞ்சியவர்களின் உயரம் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. கட்டுப்படாத ஆஸ்துமாவோ உயிரையே பறிக்கக்கூடும். ஓட்டத்தால் வரும் இழுப்பு குறைய, இம்மருந்தை மருத்துவர் சொன்னபடி வாரக்கணக்கில் ஒழுங்காக எடுக்க வேண்டும். இரண்டு நாளில் சுகம் கண்டு நிறுத்திவிட்டால் அழற்சி மீண்டும் தலைதூக்கும்.

உங்கள் வகுப்பில் ஓடினால் இருமும் மாணவன் இருக்கிறானா? “நீ விளையாடாதே” என்று ஒதுக்காதீர்கள். மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அவனும் ஓடலாம்.